மாடிப் போர்ஷன்

படி இன்னும் காயல. வழுக்கும். கொஞ்சம் உட்காருங்கம்மா, அப்புறமா மேல ஏறிப் பாக்கலாம். உங்க வீட்டுக்காரர் பேசி முடிச்சிட்டு வரட்டும். கம்பெனி போனா? கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் இப்படித்தான், காதுலேர்ந்து எடுக்க விட மாட்டாங்க.

இதுவரைக்கும் எத்தனை வீடு பாத்தீங்க? ஏழா. ஏழுன்னா கம்மி. இந்தக் கூட்டு ரோட்ல இப்ப வீடு கிடைக்கறது அவ்வளவு லேசு இல்ல. ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா நாங்களே கூப்பிட்டு உட்கார வெச்சு சாவியைக் குடுத்திருப்போம். அப்ப இங்க என்ன இருந்துச்சு? ஒரு டீக்கடை, ஒரு உரக்கடை. மீதி எல்லாம் மல்லாட்டக் கொல்லை, வேர்க்கடலைதான். பஸ்ஸு கை காட்டினா நிக்கும், டிரைவருக்கு மனசு இல்லன்னா அதுவும் நிக்காது. அப்புறம் அந்தப் பக்கம் ஷூ கம்பெனி வந்துச்சு, இந்தப் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனி வந்துச்சு. ஆட்டுக் கொட்டாய் வெச்சிருந்தவன்கூட நாலு சுவர் எழுப்பி ஷீட்டைப் போட்டு வாடகைக்கு விட்டுட்டான்.

ஒண்ணு நானே சொல்லிடறேன். டீக்கடையில நீங்க கேட்டிருப்பீங்க, இல்லன்னா இனிமே கேப்பீங்க. இவ்வளவு கிராக்கியில இந்த மாடி மட்டும் எட்டு மாசமா காலியா இருக்கு. ஏன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. அதுக்கு நானே சொல்லிட்டா எனக்கு நிம்மதி. அந்த வீட்ல யாரும் சாகல. அதை முதல்ல மனசுல வெச்சுக்குங்க.

அம்சவேணின்னு ஒரு பொம்பள. முப்பத்தாறு, முப்பத்தேழு வயசு இருக்கும். ஷூ கம்பெனில தையல் செக்‌ஷன். போன வருஷம் தை மாசம், பொங்கல் முடிஞ்சு மூணாம் நாள், புரோக்கர் சம்பந்தம்தான் கூட்டிட்டு வந்தான். ஒண்டியா வந்தா. வந்தவ வீட்டைக் காட்டுங்கன்னு கேக்கல. கேட்டுக்கு அந்தாண்ட நின்னுகிட்டே, "இங்கேர்ந்து ஜி.எச். எவ்ளோ தூரம்மா?"ன்னு கேட்டா. நடந்தே போயிடலாம், கால் மணி நேரம்தான்னேன். முகமே மாறிடுச்சு. வீடு பாக்க வர்றவங்க தண்ணி வருமான்னு கேப்பாங்க, கரண்டுக்குத் தனி மீட்டரான்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு முதல்ல கேட்டவ அவ ஒருத்திதான். அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். தட்டல. நான் யாரையும் சந்தேகப்படற ஆளு இல்ல.

எந்த ஊருன்னு கேட்டேன். அனப்பாக்கம்னா. அனப்பாக்கத்துல எந்தப் பக்கம்னு கேட்டேன். ஏரிக்கரைத் தெருன்னா. சரின்னுட்டேன். நான் அதெல்லாம் பாக்கறவ இல்லம்மா. யாரா இருந்தா என்ன, மனுஷங்கதானே. கேட்டு வெச்சுக்கறது, அவ்வளவுதான். நாளைக்கு எதிர்வீட்டு டீச்சர் கேட்டா பதில் சொல்லணும் இல்ல. நீங்க எந்தப் பக்கம்னு சொன்னீங்க? ஓ. சரி, சரி.

எத்தனை பேருன்னேன். "நானும் எங்க வூட்டுக்காரரும். ஒரு பொண்ணு, எட்டாவது படிக்குது"ன்னா. மாடிக்கு ரெண்டு பேர்தான்னு சொன்னேன். மேல டேங்க் சின்னது. மூணு பேர்னா ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி மோட்டார் போடணும். அவ கேட்டுக் கம்பியைப் புடிச்சுகிட்டே கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், "பொண்ண எங்கக்கா வூட்ல வுட்டுடறேம்மா. ஊர்லயே படிக்கட்டும்"னா. நான் பொண்ணை விட்டுட்டு வான்னு சொல்லல. ரெண்டு பேருன்னுதான் சொன்னேன்.

பாவம், ரெண்டு மாசமாத் தேடியிருக்கா. இதெல்லாம் பின்னாடி அவளே சொன்னது. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி வேன்லேர்ந்து இறங்கினா நேரா வீடு தேடத்தான் போவாளாம். ஒரு வீட்ல முட்டைகூட வேகவைக்கக் கூடாதுன்னாங்களாம். இன்னொரு வீட்ல சம்பளச் சீட்டு கேட்டுட்டு, அதைப் பாத்துச் சிரிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தாங்களாம். பெட்ரோல் பங்க் பின்னாடி ஒரு ஷீட்டு வீடு படிஞ்சு வந்திருக்கு. அட்வான்ஸ் குடுக்கற அன்னிக்குப் புருஷனையும் கூட இட்டுட்டுப் போயிருக்கா. அந்த ஓனர் அவர் கையைப் பாத்தானாம். "வேற ஆளுக்குச் சொல்லிட்டேம்மா, மறந்துட்டேன்"னானாம். அதுக்கப்புறம்தான் ஒண்டியாவே போறதுன்னு முடிவு பண்ணியிருக்கா. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்க.

குடி வந்த அன்னிக்கு அவர் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரைக்கும் பட்டன் மாட்டிகிட்டு வந்தாரு. தட்சிணாமூர்த்தின்னு பேரு. பெயிண்டர். ஒல்லியா, கருத்துப் போயி, ஆனா மரியாதை தெரிஞ்ச ஆளு. பால் காய்ச்சி எனக்கு ஒரு டம்ளர் அவரே கீழ எடுத்துட்டு வந்து குடுத்தாரு. பத்து நாள் கழிச்சு நான் வடாம் காயப்போட மேல போனேன். பனியனோட வெயில்ல உட்கார்ந்திருந்தாரு. இடது கையில, முழங்கைகிட்ட, நரம்பு அப்படியே கயிறு மாதிரி புடைச்சுகிட்டு இருக்கு. நான் பாத்ததும் துண்டை எடுத்து மூடிகிட்டாரு.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கல. "ரெண்டு கிட்னியும் போயிடுச்சும்மா. வாரத்துல மூணு நாள் கையில ஊசி குத்தி மிஷின்ல போட்டு ரத்தத்த சுத்தம் பண்ணணும். ஊர்லேர்ந்து காலைல ஒரே பஸ்ஸு. அது வரலன்னா அன்னிக்குப் போச்சு. அதான் ஜி.எச். பக்கமா வந்துடலாம்னு"ன்னா.

"ஏண்டி என்கிட்ட முன்னாடியே சொல்லல?"ன்னேன்.

"சொல்லியிருந்தா வூடு குடுத்திருப்பீங்களாம்மா?"ன்னா.

என்ன பேச்சு பாருங்க. ஆனா நான் காலி பண்ணச் சொல்லல. அதை நீங்க கவனிக்கணும். வேற யாரா இருந்தாலும் அன்னிக்கே பாத்திரத்தைத் தூக்கி வெளிய வெச்சிருப்பாங்க. எதிர்வீட்டு டீச்சர்கூட, "என்னங்க, வியாதிக்காரரை வெச்சிருக்கீங்களே"ன்னு கேட்டாங்க. இருக்கட்டும், புண்ணியமாப் போகுதுன்னு சொன்னேன்.

அவளும் நல்லவதான். காலைல அஞ்சேமுக்காலுக்குக் கம்பெனி வேன். அதுக்கு முன்னாடி வாசல் தெளிச்சு, ராத்திரி நான் போட்டு வெச்ச பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சுக் கவுத்துட்டுப் போயிடுவா. நான் கேக்கல. ஒரு நாள் எனக்கு முழங்கால் வலின்னு சொன்னேன், மறுநாள்லேர்ந்து அவளே ஆரம்பிச்சுட்டா. அப்புறம் மாவு அரைக்கறது, ஹாலைத் துடைக்கறது, எல்லாம் பழக்கமாயிடுச்சு. மனுஷங்க ஒருத்தருக்கொருத்தர் செஞ்சுக்கறதுதானே.

ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு ஊர்லேர்ந்து வரும். யாமினி. காலைல வந்து சாயங்கால பஸ்ஸுல போயிடும். குளிச்சிட்டு வாடின்னு நான்தான் அம்சவேணிகிட்ட சொல்லி வெச்சேன், அதாவது ஊர்லயே குளிச்சிட்டு வரட்டும்னு. அந்தப் பொண்ணு அப்பா காலைப் புடிச்சு விட்டுகிட்டே பாடம் படிக்கும். சத்தமே வராது. நான் ரெண்டு மூணு வாட்டி முறுக்கு குடுத்திருக்கேன்.

ஆவணி மாசம் எதிர்வீட்டு டீச்சர் அவங்க கீழ் போர்ஷனை கம்பெனி சூப்பர்வைசருங்களுக்கு விட்டாங்க. நாலு பையனுங்க. நான் வாங்கற மாதிரி ரெண்டு பங்கு வாடகை. எனக்குத் தூக்கமே வரல. என் வீடு எந்த விதத்துல மட்டம்? மேல காத்து எப்படி வருது தெரியுமா. பெங்களூர்ல இருக்கற என் பையன்கிட்ட சொன்னேன். "ஏம்மா, தர்மசத்திரமா நடத்தறே? ஏத்து, இல்ல காலி பண்ணச் சொல்லு"ன்னான். ஏத்தினேன். ரெண்டு பங்கு இல்லம்மா, ஒண்ணரைதான். அவளுக்குன்னு பாத்துதான்.

"ஒரு மாசம் டைம் குடுங்கம்மா"ன்னா. குடுத்தேன். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையும் ஓ.டி. பாக்க ஆரம்பிச்சா. அவர் ஜி.எச்.சுக்கு ஷேர் ஆட்டோவுல போயிட்டிருந்தவர், அதை நிறுத்திட்டு நடந்து போக ஆரம்பிச்சாரு. போகும்போது சரியாப் போயிடுவாரு. திரும்பி வரும்போதுதான், மிஷின்லேர்ந்து எந்திரிச்சு வர்ற உடம்பு, உரக்கடைகிட்ட ஒரு வாட்டி உட்காருவாரு, ட்ரான்ஸ்ஃபார்மர்கிட்ட ஒரு வாட்டி உட்காருவாரு. நான் இங்கேர்ந்தே பாப்பேன். "நடக்கறது உடம்புக்கு நல்லதுதாங்க"ன்னு தைரியம் சொல்லுவேன். சிரிப்பாரு.

தீபாவளிக்கு முன்னாடி, "அம்மா, கீழ ஹால் ரொம்ப மங்கிப் போயிருக்கு, நான் அடிச்சுத் தரட்டா?"ன்னு அவரே வந்து கேட்டாரு. பெயிண்ட் மட்டும் நான் வாங்கிக் குடுத்தேன். ஸ்டூல்ல உட்கார்ந்துகிட்டே அடிச்சாரு. ரெண்டு சுவர் அடிக்க ஆறு நாள் ஆச்சு. கை தூக்க முடியாம ஒரு கையால இன்னொரு கையைத் தாங்கிக்குவாரு. மீதி ரெண்டு சுவரை அப்புறம் வேற ஆளை விட்டு அடிச்சேன். நீங்களே பாருங்க, எந்த ரெண்டு சுவர் அவர் அடிச்சதுன்னு பாத்தாலே தெரியும். கோடு பிசகல. அப்ப அவர் சொன்னாரு, "இந்த ஏரியாவுல நாப்பது அம்பது வூடு அடிச்சிருப்பேம்மா. அதுல ஒண்ணுலகூட எனக்கு வாடகைக்கு எடம் கிடைக்கல"ன்னு. விளையாட்டாதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன்.

எங்க வீட்டுக்காரர் போனது அந்த ஹால்லதான். அந்த ஃபேனுக்கு நேர் கீழ. மின்சார வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தாரு. வேலூர்ல ஒரு மாசம் வெச்சிருந்தோம், இனிமே பிரயோஜனம் இல்லன்னு சொன்னதும் நான் ஒரே புடியா நின்னேன். என் புருஷன் கட்டின வீடு, அவர் உசுரு இங்கதான் போகணும்னு. என் பையன் ஆக்ஸிஜன் வெச்ச வண்டியே ஏற்பாடு பண்ணினான். ஒண்ணரை நாள் இருந்தாரு. கடைசில கண்ணைத் தொறந்து ஃபேனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, அவ்வளவுதான். அந்த மாதிரி போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். சொந்த வீட்டு அருமை அப்பதான் தெரியும்.

மோர் எடுத்துக்குங்க, அப்படியே வெச்சிருக்கீங்களே.

கார்த்திகை மாசம் மழை புடிச்சுகிச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு வாரம் விடல. ஜி.எச். போற வழியில தரைப்பாலம் ஒண்ணு இருக்கு, அது மேல முழங்கால் அளவுக்குத் தண்ணி போச்சு. புதன்கிழமை அவர் குடையைப் புடிச்சுகிட்டுப் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சுத்து வழியா ஆட்டோ போச்சு. கூப்பிட்டா வந்திருக்கும். "ஆட்டோல போகக் கூடாதாங்க?"ன்னு நான்கூடக் கேட்டேன். "நாளைக்கு வடிஞ்சுடும்மா"ன்னாரு. அந்த மாசம் வாடகை ஒண்ணாந் தேதியே குடுத்துட்டா அவ. அதுல எல்லாம் சுத்தம்.

சனிக்கிழமை மூச்சு முட்டிப் போச்சு. முகம் ஊதி, பேச முடியல. 108-ஐக் கூப்பிட்டு ஏத்தினாங்க. நான்தான் கேட்டைத் தொறந்து விட்டேன். போயிட்டு நல்லபடியா வாங்கன்னு சொன்னேன்.

அஞ்சு நாள் ஜி.எச்.ல இருந்தாரு. வியாழக்கிழமை காலைல பத்து மணி இருக்கும், நான் கீரை ஆஞ்சிகிட்டிருந்தேன், அம்சவேணி போன் பண்ணினா. "அம்மா, வூட்டுக்கு இட்டுகினு வரோம்"னா.

"குணமாயிடுச்சா?"ன்னு கேட்டேன்.

பின்னாடி யாரோ யாரையோ கூப்பிடற சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம், "வூட்ல வெச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாங்கம்மா"ன்னா.

எனக்குப் புரிஞ்சு போச்சு. பையனுக்குப் போன் போட்டேன். மீட்டிங்ல இருந்தான், வெளிய வந்து பேசினான். "அம்மா, தெளிவாக் கேட்டுக்க. ஒரு வாட்டி உள்ள விட்டுட்டா அப்புறம் அந்த மாடிக்கு எந்த ஜென்மத்துலயும் ஆள் வராது. உனக்கு வேற வருமானம் கிடையாது"ன்னான். அவன் சொல்றதுல என்ன தப்பு? அந்த மாடிப்படியைப் பாருங்க, எவ்வளவு குறுகல். உசுரோட ஏத்திடலாம். அப்புறம் எப்படி இறக்கறது? அதையெல்லாம் யாரு யோசிக்கறாங்க.

நான் திரும்பக் கூப்பிட்டு அவகிட்ட நல்லபடியாத்தான் சொன்னேன். "அம்சா, உங்க ஊருக்கே கூட்டிட்டுப் போயிடும்மா. சொந்தக்காரங்க இருப்பாங்க, அதுதான் முறை"ன்னேன். "ஊர்ல வூடு ஏதும்மா? போன வாரம் மழைல பின்சுவரு விழுந்துடுச்சு. அக்கா வூட்ல மாமா வேணான்றாரு"ன்னா. நான் என்ன சொல்ல முடியும், அது அவங்க குடும்ப விஷயம்.

பூட்டினேன்னு ஊர்ல சொல்றாங்களே, அது பொய். கேட்ல பூட்டு எப்பவும் தொங்கிட்டுத்தான் இருக்கும். அன்னிக்கு அழுத்தி விட்டேன், அவ்வளவுதான்.

வண்டி வந்துச்சு. வெள்ளை வண்டி, ஆஸ்பத்திரி வண்டிதான். சைரன் போடல. ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் திருப்பி, பின்பக்கம் கேட்டுக்கு நேரா வர்ற மாதிரி நிறுத்தினான். அம்சவேணி இறங்கி வந்தா. பொண்ணும் உள்ள இருந்துச்சு, ஸ்கூல் யூனிஃபார்மோட. பள்ளிக்கூடத்துலேர்ந்து அப்படியே கூட்டிட்டு வந்திருக்காங்க போல.

"அம்மா, கேட்டு"ன்னா.

"சாவியக் காணம்மா, எங்க வெச்சேன்னே தெரியல"ன்னேன். சத்தியமா அந்த நேரத்துல என் கண்ணுக்குப் படல. அலமாரியெல்லாம் தேடினேன். தலையணைக்கு அடியில தேடினேன். அவங்க போனப்புறம் பாத்தா என் இடுப்புலயே இருக்கு. பதட்டத்துல அப்படித்தான் ஆகும்.

அவ கம்பியைப் புடிச்சுகிட்டு நின்னா. அழல. "ஒரு நாளுதான்மா. டாக்டர் அவ்ளோதான் சொன்னாரு. மேலகூட வேணாம், கீழ மாடிப்படிக்கு அடியில படுக்க வெச்சுக்கறேன். அப்புறம் நானே முழுசாக் கழுவி வுட்டுடறேன்"ன்னா.

"கழுவினாப் போயிடுமாடி?"ன்னு கேட்டுட்டேன். அந்த வார்த்தை மட்டும் வந்திருக்கக் கூடாது. மத்தபடி நான் ஒண்ணும் கடுமையாப் பேசல.

எதிர்வீட்டு டீச்சர் வெளிய வந்தாங்க. "என்னங்க இது அநியாயம், மனசாட்சி வேணாமா"ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தினாங்க. கத்தினாங்களே தவிர அவங்க கேட்டும் மூடித்தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் அரிசிக்கடைக்காரர் நின்னாரு, சம்பந்தம்கூட நின்னான். யாரும் எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்கன்னு சொல்லல. அரை மணி நேரம் வண்டி நின்னுச்சு. டிரைவர் பாவம், நல்ல பையன், ரெண்டு வாட்டி இறங்கி வந்து என்னைக் கும்பிட்டான். அப்புறம் அவனுக்கு வேற கேஸு வந்து போன் அடிச்சுகிட்டே இருந்துச்சு. அம்சவேணி ஒரு வாட்டி உள்ள ஏறினா, கொஞ்ச நேரம் இருந்தா, அப்புறம் அவளே கையை நீட்டிக் கதவைச் சாத்திகிட்டா. வண்டி கிளம்பிடுச்சு. அனப்பாக்கம் ரோட்ல திரும்பினதை நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன்.

அன்னிக்குச் சாயங்காலமே எடுத்துட்டாங்கன்னு சம்பந்தம் வந்து சொன்னான். இடிஞ்ச வீட்டு வாசல்ல தார்ப்பாய் கட்டி வெச்சிருந்தாங்களாம். மழை வேற. நான் குளிச்சிட்டுத்தான் சாப்பிட்டேன். ஒரே வீட்ல பதினோரு மாசம் பழகியிருக்கோம், துக்கம் இல்லாமப் போயிடுமா.

இருபது நாள் கழிச்சு அவ சாமான் எடுக்க வந்தா. ஒரு குட்டி யானை வண்டியோட. சாமான்னு என்ன, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அவரோட பிரஷ்ஷுங்க போட்ட ஒரு வாளி. எல்லாத்தையும் ஏத்திட்டு, திரும்ப மேல போயி வீட்டைக் கழுவ ஆரம்பிச்சா. வேணாம்டின்னு சொன்னேன். கேக்கல. அடுப்பு மேடையெல்லாம் சோப்பு போட்டுத் தேய்ச்சா. நான் காப்பி கலந்து எடுத்துட்டுப் போனேன். மாடிப்படியில உட்கார்ந்து குடிச்சா.

எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. அவர் எங்க போனாருன்னு. வழியிலயா, ஊருக்குப் போய்ச் சேர்ந்தாரான்னு. கேட்டேன்.

அவ டம்ளரைக் கீழ வெச்சா. "இங்கதாம்மா. வண்டி நின்னுகினு இருந்துச்சே, அப்பவே"ன்னா.

அவளே சொன்னா. "நான் உள்ள ஏறினப்ப கண்ணத் தொறந்தாரு. 'வூடு வந்துடுச்சா?'ன்னு கேட்டாரு. வந்துடுச்சுன்னு சொன்னேன். 'ஏன் இன்னும் எறக்கல?'ன்னாரு. 'கேட்டு தொறக்கறாங்க'ன்னு சொன்னேன். சரின்னு தலைய ஆட்டினாரு. அதோட சரி."

நான் அவ கையைப் புடிச்சுகிட்டேன். "நல்ல வார்த்தையாச் சொல்லியிருக்கேடி. மனுஷன் வீட்டுக்கு வந்துட்டோம்னு நினைச்சு நிம்மதியாப் போயிருக்காரு. அதைவிட என்ன வேணும்?"னு சொன்னேன். மனசுல இருந்து சொன்னேன். அவ என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் "சரிம்மா"ன்னா. டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டு, சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டா. இப்ப எங்க இருக்கான்னு தெரியல. கம்பெனில இன்னும் வேலை பாக்கறாளாம். வீடு தேடிகிட்டிருக்கான்னு சம்பந்தம் சொன்னான். அந்தப் பொண்ணையும் கூட வெச்சுக்கற மாதிரி பாக்கறாளாம். விதவைப் பொம்பளைன்னா இன்னும் கஷ்டம்தான்.

அதனால நீங்க பயப்பட ஒண்ணுமில்ல. நடந்தது கேட்டுக்கு வெளிய. அது பஞ்சாயத்து ரோடு, என் இடம் கேட்டுக்கு இந்தாண்டதான். அய்யரை விட்டுப் புண்ணியாசனமும் பண்ணிட்டேன், தேவையே இல்ல, இருந்தாலும் பண்ணினேன். இவ்வளவும் பண்ணி, ஆள் வரல. சாவு விழுந்த வீடுன்னு யாரும் சொல்றதில்ல, அது இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். "அந்தம்மா வீடா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிடறாங்க. நான் என்ன பண்ணினேன், நீங்களே சொல்லுங்க. எனக்கும் இப்பெல்லாம் உடம்பு சரியில்ல. எங்கயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா கை தானா இடுப்பைத் தொட்டுப் பாக்குது. ரத்தக் கொதிப்புன்னு டாக்டர் சொல்றாரு.

உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு போல. வாங்க தம்பி, உட்காருங்க. படி காஞ்சிருக்கும், பாக்கலாம். அதுக்கு முன்னாடி இதை ஒரு வாட்டி படிச்சிடுங்க. அக்ரிமென்ட்தான். எல்லாம் வழக்கமா இருக்கறதுதான், கடைசியா ஒண்ணு மட்டும் நான் சேக்கச் சொன்னேன். பத்திரம் எழுதறவர் முதல்ல முடியாதுன்னாரு. "இதையெல்லாம் எழுத்துல கொண்டு வர முடியாதும்மா"ன்னாரு. நான் விடல. ரெண்டு நாள் யோசிச்சு எழுதிக் குடுத்தாரு. 'மேற்படி வீட்டில் எவ்வித அசம்பாவிதமும் நிகழாதவாறு வாடகைதாரர் பார்த்துக்கொள்ள வேண்டியது.' நாசூக்காத்தானே இருக்கு? படிக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்காது.

உங்க மாமியாரும் கூட வராங்கன்னு சம்பந்தம் சொன்னான். வரட்டும்மா, தாராளமா வரட்டும். பெரியவங்க இருந்தா வீட்டுக்கு நல்லதுதான். அவங்களும் இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடணும். எழுதப் படிக்கத் தெரியாதுன்னா பரவால்ல, கைநாட்டு போதும்.